டிரெய்லர் வண்டிக் கூரையில் துருவும் ஒழுகலும்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய டிரெய்லர் நிற்கிறது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற, உள்ளே படுக்கையும் சின்ன அடுப்படியும் உள்ள வண்டி. நீளம் சுமார் 5 மீட்டர். ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் திருவண்ணாமலைக்கும் இதில்தான் குடும்பத்தோடு போய் வருகிறோம். வாங்கிய முதல் ஐப்பசியிலேயே கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யத் தெரியாமல் பணத்தையும் கெடுத்து, கூரையையும் கெடுத்து, பிறகு ஒரு நல்ல தகர வேலைக்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது பைபாஸ் ஓரத்தில் டிரெய்லரில் டிபன் கடை நடத்துபவர்களும் டெம்போ டிராவலர் வைத்திருப்பவர்களும் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

படுக்கைக்கு மேலே சொட்டுகிறது. அந்த இடத்துக்கு நேர் மேலேதானே ஓட்டை இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது. எல்லாரும் முதலில் தவறுவது இங்கேதான். வெளித் தகட்டுக்கும் உள் சீலிங்குக்கும் நடுவே ஃப்ரேம் குழாய், தெர்மாகோல், வயர் எல்லாம் இருக்கின்றன. ஓர் ஓரத்தில் உள்ளே புகுந்த தண்ணீர் குழாயின் முதுகிலேயே ஊர்ந்து வந்து, எங்கே தாழ்வோ, எங்கே விளக்குக்காகத் துளை போட்டிருக்கிறதோ அங்கேதான் இறங்கும். எங்கள் வண்டியில் படுக்கைக்கு மேலே சொட்டியது. தண்ணீர் நுழைந்த இடமோ அங்கிருந்து நாலரை அடி முன்னால், காற்றுப்போக்கிக்காக வைத்திருந்த மூடியின் ஓரம்.

எனக்குக் கற்றுக்கொடுத்த தகர வேலைக்கார பாய் மேலே ஏறவே இல்லை. "தம்பி, ஏணிய ஓரமா வை. முதல்ல உள்ள படு" என்றார். சீலிங் ப்ளைவுட்டைக் கழற்றச் சொல்லி, உச்சிவெயில் நேரத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி மாட்டி, கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் தரையில் மல்லாந்து படுத்தோம். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆனது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள், பதினொன்று. ஏழு புள்ளிகள் ஒரே வரிசையில், முன்பக்க ஓரப் பட்டியின் ஸ்க்ரூக்களைச் சுற்றியே இருந்தன. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டோம்.

சீலிங்கைக் கழற்ற முடியாதவர்கள் தண்ணீர்க் குழாயை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும். இன்னொருவர் வெளியே குழாயைக் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும்: முதலில் ஜன்னல் மட்டம், பிறகு பக்கச் சுவரும் கூரையும் சேரும் ஓரம், கடைசியில்தான் கூரையின் நடு. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது விட்டுப் பாருங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும், எதையும் கண்டுபிடிக்க முடியாது. மிதமாக ஓடவிட்டால் போதும், பீய்ச்சியடிக்க வேண்டாம். முக்கியமாக, வீட்டு மின்சாரம் வண்டிக்குள் வருகிறது என்றால் அந்த இணைப்பை முதலில் பிடுங்கி வையுங்கள். ஈரமான சீலிங் விளக்கில் கை வைத்து ஷாக் வாங்கியவர்கள் உண்டு.

வேலூர் வெயில் ஊராயிற்றே. மழை குறைவான இடத்தில் கூரை ஏன் இப்படிக் கெடுகிறது?

கெடுப்பதே வெயில்தான். வெயில் உடைத்து வைத்த இடத்தில் மழை நுழைகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்த மாதிரி.

கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் கிடக்கும் தகடு 65 டிகிரி வரை சுலபமாகப் போகும். விடியற்காலையில் அதே தகடு 25க்கு இறங்கிவிடும். ஒரு நாளைக்கு 40 டிகிரி ஏற்ற இறக்கம். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால் 0.023 மில்லிமீட்டர் நீளும். இரும்பு ஏறக்குறைய பாதிதான், 0.012. கணக்குப் போட்டால் 5 மீட்டர் அலுமினியக் கூரை பகலில் 4.6 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கும் இரும்பு ஃப்ரேம் 2.4 மில்லிமீட்டர்தான். ஃப்ரேம் நிழலில் இருப்பதால் நிஜத்தில் அவ்வளவுகூட நீளாது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி முழுவதும் ஸ்க்ரூ துளைகளிலும் ஓரத்தில் பூசிய சீலண்டிலும் (இடுக்கை அடைக்கும் பசை) விழுகிறது. தினமும், வருடம் முழுக்க.

வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகிறது. சீலண்ட் முதலில் சுருங்கி, பிறகு முடி போல வெடித்து, அப்புறம் ஓரம் தூக்கிக்கொள்கிறது. வெயிலடிக்கும் மாதங்களில் இது யார் கண்ணிலும் படாது. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை வரும்போது லேசாக ஓதம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒழுகும். "போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க" என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். போன சித்திரையிலேயே அது போய்விட்டது.

சிலிக்கோன் டியூப் வாங்கி மேலே பூசிவிட்டால் போதாதா?

நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் வண்டி ஒழுக ஆரம்பித்ததும் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு மழைக்கு நடுவே, ஒரே மத்தியானத்தில், ஈரம் காயாத கூரை மேல் சிலிக்கோனை அப்பிக் கொடுத்தார்கள். சொட்டுவது நின்றது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. தை மாதம் பொங்கல் முடிந்து வண்டியைச் சுத்தம் செய்யும்போது படுக்கைக்கு மேலே காப்பிக் கறை போல ஒரு வளையம் தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் போல விரல் உள்ளே போய்விட்டது. பிய்த்துப் பார்த்தால் கறுத்து, இழை இழையாக, புளித்த வாடையோடு ப்ளைவுட். அதற்கு மேலே இரும்புக் குழாயில் துரு ஏடு ஏடாக உரிந்து நின்றது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மூன்று மாதம் அங்கேயே இருந்திருக்கிறது.

சிலிக்கோனில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, அது ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்ட்டோ வேறு சீலண்டோ பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் தங்கிவிடும். இரண்டு, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வகை காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசெட்டிக் அமிலம். கால்வனைஸ்டு தகட்டின் துத்தநாகப் பூச்சையும் இரும்பையும் அந்த அமிலமே அரித்துவிடும். துருவைத் தடுக்கப் பூசியதே துருவுக்கு விதை போட்ட கதையாகிவிடும்.

கூரைக்குப் பொருத்தமானது பியூட்டைல் டேப்பும் பியூ (பாலியூரித்தேன்) சீலண்டும். பியூட்டைல் டேப் பிசின் போல மெத்தென்று இருக்கும். ஓரப் பட்டி, ஜன்னல், மூடி இவற்றுக்கு அடியில் வைத்து மேலே ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். சீக்கிரம் கெட்டியாகாது என்பதால் தகட்டின் இழுப்புக்கு ஈடுகொடுக்கும். அதற்கு வெளியே ஓரமாகப் பியூ சீலண்ட். பஸ் பாடி கட்டுகிறவர்கள் வெகுநாளாகப் பயன்படுத்துவது அதைத்தான். இரண்டு களிம்பைப் பிசைந்து ஒட்டுகிற எபாக்ஸி கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு அது சரி. நீண்டு சுருங்கும் கூரைக்கு ஆகாது, ஒரே கோடையில் விளிம்பில் விட்டுவிடும்.

பழைய சீலண்ட் மேலேயே புதியதைப் பூசலாமா?

கூடாது. பட்டி பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்து, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் புதியது. பிளாஸ்டிக் அல்லது மரத் துண்டால் சுரண்டினால் தகட்டில் கீறல் விழாது. நேரம் பிடிக்கும் வேலை. முழுக் கூரை வேலையில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போகும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டு ஏறுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கிறதே?

இரும்பு போலச் சிவக்காது, அவ்வளவுதான். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. அதுதான் அதற்குக் கவசம். உப்பும் ஈரமும் சேர்ந்து அந்தக் கவசத்தைச் சின்னச் சின்னக் குழிகளாகத் துளைக்கும். அந்தக் குழியிலிருந்து கிளம்பும் பொடிதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பூ.

எங்கே அதிகம் பூத்திருக்கிறது என்று பாருங்கள். இரும்பு ஸ்க்ரூவின் தலையைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. இரண்டில் சுலபமாக வினைபுரியும் உலோகம் கரைந்து மற்றதைக் காக்கும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். எங்கள் வண்டியில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பியபோது அது சுற்றவே இல்லை, தகட்டோடு பெயர்ந்து வந்தது. ஸ்க்ரூவைச் சுற்றி அரைக் காசு அளவுக்குத் தகடு மாவாகிவிட்டிருந்தது.

ஆகவே இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு தடுப்பு வேண்டும்: ரப்பர் வாஷர், பியூட்டைல் டேப், எபாக்ஸி பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு). ரிவெட் அடிப்பதானால் அலுமினிய ரிவெட். செம்பு மட்டும் கிட்டவே வரக் கூடாது. ஏசி செம்புக் குழாய் தொடும் இடமும், அதன்மேல் ஊறி வழியும் தண்ணீர் விழும் இடமும் சீக்கிரம் பொத்தலாகும்.

துரு மேலோட்டமா, ஆழமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோணி ஊசியும் சின்ன சுத்தியலும் போதும். துருப்பிடித்த இடத்தில் ஊசியை வைத்துக் கையால் அழுத்துங்கள். உள்ளே போய்விட்டால் அங்கே உலோகமே இல்லை. தட்டிப் பாருங்கள்: நல்ல தகடு கணீரென்று பேசும், போன தகடு பொத்தென்று சத்தம் போடும். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தால் அடியில் துரு பரவியிருக்கிறது. இரும்பை விட அதன் துரு பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால்தான் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

தகட்டை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். ஃப்ரேம் குழாய்களின் மேல் முதுகைத் தடவிப் பாருங்கள். தகடு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அங்கேதான். சதுரக் குழாய்க்குள் தண்ணீர் போயிருந்தால் அது உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் புதுசு போல இருக்கும். அடி மூலையில் ஒரு சின்னத் துளை போட்டால் சிவப்புத் தண்ணீராக வடியும். வடிந்தபின் அந்தத் துளையை மூட வேண்டாம்.

சுத்தம் செய்து ரெட் ஆக்சைடு அடித்துவிடட்டுமா?

வெறும் இரும்பு என்றால் தாராளமாக. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், தின்னர் துணியால் துடைப்பு, அன்றே ரெட் ஆக்சைடு. தேய்த்த இரும்பை இரவு முழுக்கப் பனியில் விட்டால் காலையில் மஞ்சள் பூசியிருக்கும், திரும்பத் தேய்க்க வேண்டும்.

ஆனால் கால்வனைஸ்டு தகட்டில் நேராக அடிக்காதீர்கள். ரெட் ஆக்சைடு போன்ற எண்ணெய் சார்ந்த பெயின்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, அடியில் சோப்பு போல வழவழவென்று ஒரு படலத்தை உண்டாக்கும். ஒரு வருடத்தில் தோல் உரிவது போல மொத்தமாக உரிந்து வரும். பலர் பெயின்ட்டின் தரத்தைக் குறை சொல்கிறார்கள், தப்பு பிரைமரில் இருக்கிறது. கால்வனைஸ்டுக்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள், அதற்கு மேல் எபாக்ஸியோ பியூ பெயின்ட்டோ போகலாம். ராணிப்பேட்டை பக்கம் தொழிற்சாலைகளில் பெயின்ட் வேலை பார்த்தவர்கள் தெரிந்தால் அவர்களைக் கேளுங்கள். எந்த உலோகத்துக்கு எந்த பிரைமர் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது நிஜமா?

நிஜம்தான், எல்லை தெரிந்து பயன்படுத்தினால். அதில் ஒரு வகை டானின் சேர்ந்தது. நம் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் உண்டு. தோலைப் பதப்படுத்தியது அவற்றில் இருந்த டானின். அந்தத் தண்ணீர் பட்ட இரும்பு கறுத்துப் போகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியதும் இதே வினையால்தான். பாட்டிலில் இருப்பதும் அதையே செய்கிறது: சிவப்புத் துருவைக் கருநீலப் படலமாக மாற்றி, அதற்கு மேல் பெயின்ட் பிடிக்கும்படி ஆக்குகிறது.

ஏடு ஏடாக நிற்கும் துருவின் மேல் பூசினால் பயனில்லை. மேல் ஏடு மட்டும் கறுக்கும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். சுரண்டிய பிறகு தேய்த்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்குத்தான் இது. பளபளப்பான இரும்புக்கோ அலுமினியத்துக்கோ தேவையே இல்லை. பாஸ்பாரிக் அமிலம் கலந்த வகை கால்வனைஸ்டு பூச்சைத் தின்றுவிடும், அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். மல்லாந்தபடி சீலிங் பக்கம் பூசும்போது ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் போதும்.

உள்ளே நனைந்த ப்ளைவுட்டைக் காயவைத்துத் திரும்பப் போடலாமா?

விரல் அழுந்தினால் போடாதீர்கள். கெட்டியாக இருந்து, கறை மட்டும் இருந்தால் காயவைக்கலாம். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது. அதற்கு மேல் இருந்தால், நீங்கள் மேலே எவ்வளவு நன்றாக அடைத்தாலும் உள்ளே அது தின்றுகொண்டே இருக்கும். மரத்தின் ஈரம் பார்க்கும் சின்னக் கருவி கிடைக்கிறது, இரண்டு ஊசி உள்ளது. தச்சு வேலை செய்பவர்களிடம் இரவல் கேட்டாலும் போதும்.

கெட்ட பகுதியை வெட்டும்போது கறை முடியும் இடத்தோடு நிறுத்தாமல், கெட்டியான மரம் வரும் வரை, இன்னும் அதற்கு அடுத்த ஃப்ரேம் குழாய் வரை போய் வெட்டுங்கள். புதுப் பலகையின் ஓரம் குழாயின் மேல் உட்கார வேண்டும், அந்தரத்தில் இணைப்பு நிற்காது. பலகை ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் ப்ளைவுட். வெட்டிய ஓரங்களில் வார்னிஷோ எபாக்ஸியோ பூசிவிட்டு மாட்டுங்கள். ப்ளைவுட் தண்ணீரை முகத்தால் குடிப்பதைவிட ஓரத்தால் குடிப்பதுதான் அதிகம். பக்கத்தில் விட்டுவைத்த பழைய மரத்துக்கு வெந்நீரில் கரைத்த வெங்காரம் (போராக்ஸ்) இரண்டு கை பூசிக் காயவிட்டால் பூஞ்சை திரும்பாது.

நனைந்த கிளாஸ் வூலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிழிந்து காயவைத்தாலும் அது பழையபடி உப்பி நிற்காது, சூட்டையும் தடுக்காது.

இந்த வேலைக்கு எந்த மாதம் நல்லது?

தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை. காற்றில் ஈரம் இறங்கியிருக்கும், மழை இருக்காது, தகடும் இன்னும் கொதிக்காது. சீலிங்கைக் கழற்றி, கதவு ஜன்னலைத் திறந்து, ஒரு ஃபேனை ஓடவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் உள்ளே எலும்பு வரை காய்ந்துவிடும். கத்திரியில் உச்சிவெயிலில் சீலண்ட் போடாதீர்கள். 60 டிகிரி தகட்டில் மேல்தோல் உடனே காய்ந்து, அடியில் காற்று விரிந்து கொப்புளம் போடும். அந்த மாதத்தில்தான் செய்தாக வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்துவிட்டால் நிரந்தர வேலையில் இறங்க வேண்டாம். அப்போதைக்குத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தை வரை பொறுத்திருப்பதே நல்லது.

தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருக்கலாமே?

சில வாரத்துக்குச் சரி, மாதக் கணக்கில் வேண்டாம். தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் தங்கும். காற்றில் படபடத்தால் ஓரங்களில் பெயின்ட்டை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். நாலு டயர் துண்டையோ மூங்கிலையோ குறுக்கே வைத்து, காற்று நுழைய ஒரு சாண் இடைவெளி விட்டு, இழுத்துக் கட்டுங்கள்.

மொட்டைமாடிக்கு அடிப்பது போலக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் குளுமையாக இருக்குமே?

தகட்டுக்கு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு காரம், அலுமினியம், துத்தநாகம் இரண்டையுமே காரம் அரிக்கும். சிமென்ட் பால் ஊற்றுவதும் அப்படியே. குளுமைக்கு வெள்ளை நிற எலாஸ்டோமெரிக் பூச்சு இருக்கிறது. ரப்பர் போல நீளும், வெயிலையும் திருப்பி அனுப்பும். தகடு குறைவாகச் சூடானால் குறைவாக நீளும், சீலண்டும் அதிக நாள் தாங்கும். தண்ணீர் குளமாக நிற்கும் இடத்தில் மட்டும் அக்ரிலிக் வகை நாளடைவில் ஊறி உரிந்துவிடும். அங்கே பியூ வகை போடுங்கள்.

மழையே இல்லை, ஆனாலும் காலையில் சீலிங்கில் ஈரம். இது என்ன?

மார்கழி, தை என்றால் உங்கள் மூச்சும் அடுப்பும்தான். இரவில் தகடு குளிர்ந்துவிடுகிறது. மூடிய வண்டிக்குள் நாலு பேர் தூங்கி, காலையில் கேஸ் அடுப்பில் பால் காய்ச்சினால் அந்த நீராவி குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாகக் கோக்கும். கேஸ் எரிவதே நீராவியை உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஜவ்வாது மலையில் தங்கிய முதல் இரவு எனக்கும் கூரை ஒழுகுகிறது என்றே தோன்றியது. கறை ஓரிடத்தில் இல்லாமல், ஸ்க்ரூவும் ஃப்ரேமும் உள்ள இடமெல்லாம் ஒரே மாதிரி ஈரம் கோத்திருந்தால் இதுதான். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல்கடை திறந்து வைத்துத் தூங்குங்கள். அடுப்பு எரியும்போது காற்றுப்போக்கி திறந்தே இருக்க வேண்டும், அது மூச்சுக்கும் அவசியம்.

கோடையில் என்றால் ஏசியின் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். தூசியும் பாசியும் அடைத்து, தட்டு நிரம்பி உள்ளே வழிந்திருக்கும்.

வெளிநாட்டு வண்டி, ரப்பர் கூரை. அதற்கும் இதே முறையா?

இல்லை. அது பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், தார் எதுவும் படக் கூடாது. ரப்பர் உப்பிப் பிதுங்கும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, அந்த ரப்பருக்கென்றே உள்ள சீலண்டையும் ஒட்டுப்பட்டையையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

சோலார் பேனல் மாட்ட ஆளை வைத்துத் துளை போட்டேன். அதன் பிறகுதான் ஒழுகுகிறது.

ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். அளவாக இறுக்கியிருந்தால் வாஷர் உலோக மூடியின் ஓரம் வரை லேசாகப் பிதுங்கி நிற்கும். மெஷினால் ஒரேயடியாக இறுக்கினால் பிய்ந்து சப்பையாகிவிடும். துளைக்கும்போது சிதறிய இரும்புத் தூளையும் பாருங்கள். அன்றே பெருக்கித் தள்ளாவிட்டால் ஒரே மழையில் கூரை முழுக்கச் செம்புள்ளி போடும். ஸ்க்ரூவைக் கழற்றி, பிராக்கெட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப் வைத்து, புது வாஷரோடு மாட்டுங்கள். ஸ்க்ரூ தகட்டை மட்டும் பிடித்திருந்தால் ஓடும் வேகத்தில் பேனல் பிடுங்கிக்கொண்டு போகும். அடியில் ஃப்ரேம் குழாயில் ஏறியிருக்க வேண்டும்.

தோல் மண்டி பக்கத்தில் நிறுத்துகிறோம். துரு சீக்கிரம் வருவது போல இருக்கிறது. உண்மையா, பிரமையா?

உண்மை. பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் வைக்கிறார்கள். அந்த உப்புத் தூசி காற்றில் வந்து கூரையில் படிகிறது. சென்னைக் கடற்கரையில் நான்கு நாள் நின்று வந்த வண்டிக்கும் இதே பாடுதான். கழுவினால் போகும், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதைக் கவனியுங்கள். பாலாற்றங்கரையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. அதை ஊற்றிக் கழுவி வெயிலில் காயவிட்டால் தண்ணீர் போய் உப்பு மட்டும் கூரையில் தங்கும். நல்ல தண்ணீர் ஒரு குடம் கடைசியாக ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஒட்டுப்போட்டது போதும், கூரையையே மாற்றிவிடலாம் என்று எப்போது முடிவெடுப்பது?

ஃப்ரேமைப் பார்த்து முடிவெடுங்கள், தகட்டைப் பார்த்து வேண்டாம். ஃப்ரேம் நன்றாக இருந்து தகடு மட்டும் போயிருந்தால் தகட்டை மாற்றுவது பெரிய விஷயமில்லை. கரூர், நாமக்கல் பக்கம் தினசரி நடக்கும் வேலை, நம் ஊர்ப் பட்டறைகளிலும் செய்வார்கள். குறுக்குக் குழாய்களில் இரண்டு மூன்று போயிருந்தால் அவற்றை மட்டும் வெட்டி மாற்றலாம். கூரையும் பக்கச் சுவரும் சேரும் நெடுக்குக் குழாய் கோணி ஊசிக்கு வழிவிட்டால் வண்டியின் முதுகெலும்பே போகிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டாதீர்கள். வெல்டிங் செய்யும் நாளில் கேஸ் சிலிண்டரையும் மெத்தையையும் இறக்கிவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். கால்வனைஸ்டு குழாயில் பற்றவைக்கும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

வேலை முடிந்தது. இனி எப்படி நிறுத்தி வைப்பது?

மரத்தடி நிழல் கூரைக்கு நல்லதுதான், ஆனால் வேப்பிலையும் புளியம்பூவும் ஓரப் பட்டியில் மக்கி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை பெருக்கிவிடுங்கள். முன்பக்க ஜாக்கியை நாலு விரல் உயர்த்தி வைத்தால் தண்ணீர் பின்னால் ஓடிவிடும். சோளிங்கர் போலக் குரங்கு அதிகமுள்ள மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு வந்தால் மறக்காமல் ஏறிப் பாருங்கள். மெத்தென்ற சீலண்டை அவை பிய்த்துப் பார்க்கும்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மத்தியானம் ஒரு முறை கட்டாயம் ஏறுங்கள். தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடத்தில் தூசி வட்டமாகப் படிந்திருக்கும். அந்த வட்டத்துக்குள் எத்தனை ஸ்க்ரூ இருக்கின்றன என்று எண்ணி, சாக்பீஸால் குறித்துவிட்டு இறங்குங்கள். அடுத்த தையில் முதலில் கழற்ற வேண்டியவை அவைதான்.